எட்டு நிமிட வெட்டைத் தாங்கும் படங்கள்

வீட்டில் ஓட்டிப் பார்க்கும் சின்ன சினிமா பிலிம் ரீல்களைச் சேர்ப்பவர்களிடம் "எந்த மாதிரிப் படம் பிடிக்கும்?" என்று கேட்டால் ஒரு பதில் வரும். அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் வேறொரு பதில் இருக்கும். ஹிட்ச்காக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய ஒரு ஆங்கிலேய நண்பரின் வீட்டில் லாரல்–ஹார்டி ஒரு தட்டு முழுக்க இருந்தது. கார்ட்டூன் ஒரு தட்டு, நீராவி ரயில் ஒன்றரைத் தட்டு, மிச்சமெல்லாம் டிராக்குலா, பிராங்கன்ஸ்டைன் வகையறா. ஹிட்ச்காக் படம் ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "அதையெல்லாம் டிவிடியில் பார்த்துக்கொள்வேன்" என்றார்.

இப்போது என் அலமாரியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. ஏன் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் இந்தச் சில வகைகளிலேயே வந்து நிற்கிறோம், புதிதாக வாங்குகிறவர் எந்த வகையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதிவைக்கலாம் எனத் தோன்றியது.

பிர்மிங்ஹாம் பக்கம் வேலைக்கு வந்த புதிதில்தான் எனக்கு இது ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்பார்கள். கார் பூட் சேல் என்று பெயர். அங்கே ஒரு அட்டைப்பெட்டி நிறைய, வீட்டு உபயோகத்துக்கான சூப்பர் 8 பிலிம் ரீலும் யூமிக் புரொஜெக்டரும் சேர்த்துக் கிடைத்தன. டெரான் பிலிம் சர்வீசஸ் பக்கத்து ஊரான டட்லியில் இருந்தது என் அதிர்ஷ்டம். சூப்பர் 8 ரீல்களைப் புதிதாகப் பிரிண்ட் போட்டு விற்றுக்கொண்டிருந்த கடைசிப் பெரிய நிறுவனங்களில் ஒன்று அது. 2011இல் மூடிவிட்டார்கள். அதுவரை அங்கே போய், யார் எதை வாங்குகிறார்கள் என்று வேடிக்கை பார்த்ததில் கற்றுக்கொண்டது நிறைய.

பிலிமின் அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தியேட்டரில் ஓடியது 35 மி.மீ. பிலிம். வீட்டு உபயோகத்துக்கென்று பிரான்சின் பாத்தே கம்பெனி 1922இல் 9.5 மி.மீ. கொண்டுவந்தது. அடுத்த வருடமே கோடாக்கின் 16 மி.மீ. வந்தது, 1932இல் 8 மி.மீ., 1965இல் சூப்பர் 8. நம் ஊர்க் கோயில் திருவிழாவில் திரை கட்டிப் படம் போட்டார்களே, அது 16 மி.மீ. நான் சேர்ப்பது பெரும்பாலும் சூப்பர் 8தான்.

சூப்பர் 8இல் ஒரு அடிக்கு 72 பிரேம். பேசும்படம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். அப்படியானால் 200 அடி ரீல் பத்து நிமிடம், 400 அடி ரீல் இருபது நிமிடம். நூறு நிமிடப் படத்தை முழுசாக வாங்க 400 அடி ரீல் ஐந்து வேண்டும். வீடியோ கேசட் வருவதற்கு முன்னால் ஒரு படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ள பிலிமைத் தவிர வேறு வழியில்லை. ஐந்து ரீல் வாங்க எல்லோருக்கும் வசதியும் இல்லை. அதனால் கம்பெனிகள் ஒன்றரை மணி நேரப் படத்தை எட்டு நிமிடமாக வெட்டி 200 அடி ரீலில் விற்றன. எந்தப் படம் இந்த வெட்டைத் தாங்கியதோ, எது முதலிலேயே எட்டு, பத்து நிமிடமாக எடுக்கப்பட்டதோ, அதுதான் அலமாரியில் தங்கியது. ரசனையை ரீலின் நீளம் தீர்மானித்துவிட்டது என்பது என் கட்சி.

ஊமைக் காமெடிக்கு இருக்கும் மவுசை இதை வைத்தே விளக்கிவிடலாம். சாப்ளின், பஸ்டர் கீட்டன், லாரல்–ஹார்டி எடுத்த குறும்படங்கள் ஒரு ரீல், இரண்டு ரீல் கணக்கில் பிறந்தவை. அதாவது பத்து நிமிடம், இருபது நிமிடம். வெட்டவே வேண்டாம், முழுப் படமும் கைக்கு வந்துவிடும். சத்தம் கிடையாது என்பதால் விலை குறைந்த மௌனப் புரொஜெக்டரே போதும். கறுப்பு வெள்ளை என்பதால் நிறம் போய்விடுமோ என்ற கவலை இல்லை. அவற்றில் பலவற்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் ஆளாளுக்கு பிரிண்ட் போட்டு விற்றார்கள்.

ஆளாளுக்கு விற்றதில்தான் வில்லங்கமும். ஒரே சாப்ளின் படம் ஏழெட்டு லேபிள்களில் கிடைக்கும். பிரிண்டிலிருந்து பிரிண்ட், அதிலிருந்து இன்னொரு பிரிண்ட் என்று எடுத்த சரக்கில் சாப்ளினின் மீசையும் தொப்பியும் மட்டும் தெரியும், முகம் வெளுத்துப்போயிருக்கும். இந்த வகையில் லேபிள் பார்த்து வாங்குவது ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் அயோவா மாநிலம் டேவன்போர்ட்டிலிருந்து இயங்கிய பிளாக்ஹாக் பிலிம்ஸ் நல்ல மூலப் பிரதிகளைத் தேடிப்பிடித்து பிரிண்ட் போட்டது. படம் தொடங்குவதற்கு முன்னால் அதன் வரலாற்றைச் சொல்லும் ஒரு முன்னுரையையும் எழுத்தில் ஓட்டுவார்கள். நடிகர்களில் யார் யார், எந்த வருடம் எடுத்தது என்பதையெல்லாம் நான் முதலில் தெரிந்துகொண்டது அந்த முன்னுரைகளில்தான். பிளாக்ஹாக் பெட்டி என்றால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்க நான் யோசிப்பதில்லை. இங்கிலாந்தில் லாரல்–ஹார்டிக்கு வால்டன் லேபிள் பார்க்கலாம்.

வேகத்தையும் கவனியுங்கள். பல புரொஜெக்டர்களில் நொடிக்கு 18 பிரேம், 24 பிரேம் என்று இரண்டு வேகம் இருக்கும். 1910களில் எடுத்த படத்தை 24இல் ஓட்டினால் எல்லோரும் வலிப்பு வந்தவர்கள் மாதிரி ஓடுவார்கள். அதற்காக ஊமைப்படம் எல்லாவற்றுக்கும் 18 என்று வைத்துக்கொள்ளவும் முடியாது. 1920களின் கடைசியில் கேமராக்கள் வேகமாகச் சுற்றத் தொடங்கிவிட்டன, அவற்றுக்கு 24தான் ஒத்துவரும். சும்மா தெருவில் நடந்துபோகிற ஆளின் காலைப் பார்த்து முடிவுசெய்யுங்கள், லேபிளை நம்ப வேண்டாம்.

பொங்கலுக்கு எங்கள் வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடும்போது பிள்ளைகளுக்கு இந்தக் காமெடி ரீல்களைத்தான் போடுவேன். அரங்கேற்ற வயதுப் பெண்ணிலிருந்து பால்குடி மறந்த பையன்வரை ஒரே இடத்தில் சிரிப்பார்கள். வேறு எந்த வகைப் படத்திலும் எனக்கு இது நடந்ததில்லை.

சரி, பேய்ப் படத்துக்கு வருவோம். காசில் பிலிம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1937இல் வீட்டுக்கான ரீல்களை விற்கத் தொடங்கியது. 1947இல் அதை யுனிவர்சல் வாங்கியது. டிராக்குலா, பிராங்கன்ஸ்டைன், மம்மி, ஓநாய் மனிதன் எல்லோரும் யுனிவர்சலின் சொத்து. அப்புறம் என்ன, அத்தனையும் 200 அடி ரீலாக வெட்டப்பட்டு வந்தன. 1958இல் தொடங்கிய ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட் என்ற பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் இவற்றுக்கு விளம்பரம் வரும். அமெரிக்கப் பையன்கள் காசு சேர்த்துத் தபாலில் வரவழைப்பார்கள். இன்று அறுபது, எழுபது வயதில் அதே ரீலுக்கு ஏலத்தில் போட்டி போடுகிறவர்களும் அந்தப் பையன்கள்தான். நமக்கு அந்தப் பால்யம் இல்லாததால் அந்த விலைக்கு நிற்க வேண்டியதில்லை.

ஆனாலும் ரீல் வெட்டைத் தாங்குவதில் பேய்ப் படத்தை மிஞ்ச ஆளில்லை என்பேன். கதை எல்லோருக்கும் தெரியும், விளக்க வேண்டியதில்லை. மின்னல் வெட்டுகிறது, மேசையில் கிடக்கும் உடலின் விரல் அசைகிறது, ஊரார் தீப்பந்தத்தோடு வருகிறார்கள். இதற்கு எட்டு நிமிடம் தாராளம். முழுப் படத்தில் காதலர்கள் தோட்டத்தில் உட்கார்ந்து பேசும் காட்சிகள் வெட்டுப்பட்டதில் எனக்கு ஒரு நஷ்டமும் தெரியவில்லை. பல ரீல்களில் வசனம் கிடையாது, படத்தின் மேலேயே எழுத்து வரும். இருட்டறையில் புரொஜெக்டரின் கடகட சத்தத்தோடு பார்க்க அதுவே பொருத்தமாகத்தான் இருக்கிறது.

வாங்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். காசில் அட்டைப்பெட்டிகளில் ‘ஹெட்லைன் எடிஷன்’ என்று இருந்தால் அது 50 அடித் துணுக்கு. ‘கம்ப்ளீட் எடிஷன்’ என்று இருந்தால் 200 அடி. முழுத் திரைப்படம் என்று எண்ணிப் பணம் கட்டிவிடாதீர்கள். பெட்டியின் மேல் இருக்கும் ஓவியத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, அதனால் பெட்டி புதுசாக இருந்தால் விலை ஏறும். படம் ஓட்டிப் பார்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் பெட்டி கிழிந்த ரீலைத் தேடுங்கள். பெட்டி கிழிந்ததற்கும் பிலிம் கெட்டதற்கும் சம்பந்தமே இல்லை.

கார்ட்டூனில்தான் காசு கரையும். ஆறு, ஏழு நிமிடம், 200 அடிக்குக் கச்சிதமாகப் பொருந்தும், வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். எல்லாம் சரி, நிறம்தான் பிரச்சினை. கலர் பிரிண்டில் மஞ்சள், மெஜந்தா, சயான் (பச்சை கலந்த நீலம்) என்று மூன்று சாயம் இருக்கிறது. 1980களின் தொடக்கம்வரை பரவலாகப் பயன்பட்ட ஈஸ்ட்மன் பிரிண்ட் பிலிமில் சயான் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் போய்விடும். மஞ்சளும் மெலிந்து, மெஜந்தா மட்டும் மிஞ்சும். படம் முழுக்க ரோஸ் ஆகிவிடும். கதைப் படம் என்றால் கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். கார்ட்டூனுக்கு நிறம்தான் உயிர், ரோஸ் கடலில் ரோஸ் வாத்து நீந்துவதை யார் பார்ப்பது? "கலர் அருமை" என்று எழுதி ஒருவர் விற்ற ரீலில் எனக்கு வந்தது அதுதான். அவர் அனுப்பியிருந்த போட்டோ பெட்டியின் போட்டோ.

அதிலிருந்து நான் கேட்பது இது: ரீலின் நடுப்பகுதியில் சில பிரேம்களை வெள்ளைத் தாளின் மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்குவதில்லை. கோடாக் பின்னாளில் கொண்டுவந்த, நிறம் நிலைக்கும் எல்பிபி பிலிமில் போட்ட பிரிண்ட் என்றால் தைரியமாக வாங்கலாம். சாயத்தை அச்சுப்போல் ஏற்றும் பழைய டெக்னிகலர் முறைப் பிரிண்டும் மங்காது. 16 மி.மீ. சேர்ப்பவர்கள் ‘ஐபி டெக்’ என்று சொல்லி அலைவது அதற்காகத்தான். கையில் காசு குறைவு என்றால் இன்னொரு வழி இருக்கிறது. காசில் நிறுவனம் வண்ணக் கார்ட்டூன்களையே கறுப்பு வெள்ளையில் மலிவுப் பதிப்பாகவும் விற்றது. அந்தக் காலத்தில் வசதியில்லாதவர்கள் வாங்கிய ரகம். இன்று கலர் பிரிண்ட் எல்லாம் ரோஸ் ஆகிவிட, அவை மட்டும் வாங்கியபடியே இருக்கின்றன.

டிஸ்னி வெகுகாலம் தன் முழுநீளக் கார்ட்டூன்களைத் துண்டு துண்டாகத்தான் கொடுத்தது. ஒரு பாட்டு, ஒரு சண்டை என்று 200 அடி. பிறகு டெரான் அவற்றில் சிலவற்றை முழுப் படமாகவே சூப்பர் 8இல் வெளியிட்டது. நிறம் நிலைக்கும் பிலிம், ஸ்டீரியோ ஒலி. எல்லோரும் ஆசைப்படும் ரீல்கள், விலையும் அப்படித்தான். நான் இன்றுவரை மற்றவர்கள் வீட்டில் பார்த்ததோடு சரி.

விண்வெளிப் படங்களிலும் இந்த நிறத் தொல்லை உண்டு. 1977இல் ஸ்டார் வார்ஸ் வந்தபோது நியூ ஜெர்சியின் கென் பிலிம்ஸ் அதன் சுருக்கத்தை சூப்பர் 8இல் விற்றது. அந்தப் படம் வீடியோ கேசட்டில் வர 1982 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அதை வீட்டில் பார்க்க இந்தச் சுருக்கம்தான் கதி. ஏராளமாக விற்றதால் இன்றும் எளிதாகக் கிடைக்கும், பெரும்பாலும் சிவந்துபோய். கறுப்பு வெள்ளை மௌனப் பதிப்பும் வந்தது. நம்புங்கள், அதை ஓட்டிப் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

வெளியாட்களுக்குப் புரியாத வகை ஒன்று இருக்கிறதென்றால் அது ரயில். இங்கிலாந்தில் சேகரிப்பவர்களில் கணிசமானோருக்கு ரயில் பைத்தியமும் உண்டு. பிளாக்ஹாக்கைத் தொடங்கிய கென்ட் ஈஸ்டினும் ரயில் பிரியர், அவருடைய பட்டியலில் ரயில் படங்களுக்குத் தனி இடமே இருந்தது. பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதான பாதைகளில் நீராவி இன்ஜின் 1968 ஆகஸ்ட்டில் முடிவுக்கு வந்தது. அது போகப்போகிறது என்று தெரிந்ததும் நூற்றுக்கணக்கான ஆட்கள் 8 மி.மீ. கேமராவைத் தூக்கிக்கொண்டு பாலத்திலும் வயல் வரப்பிலும் நின்றார்கள். அவர்களில் பலர் எடுத்தது கோடாக்ரோம் பிலிமில். இருட்டில் பத்திரமாக வைத்திருந்தால் கோடாக்ரோம் மங்காது. அறுபது வருடத்துக்கு முந்தைய சிவப்பு இன்ஜின் இன்றைக்கும் சிவப்பாகவே வரும்.

என் மாமனார் திருச்சி பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்களோடு தங்க வந்திருந்தபோது எந்தப் படத்துக்கும் அவர் அசையவில்லை. சாப்ளின் போட்டால் பேப்பரை எடுத்துக்கொள்வார். ஒரு ரயில் ரீலில், தண்டவாளங்களுக்கு நடுவில் நீளமான தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள், ஓடுகிற இன்ஜின் அடியில் ஒரு அகப்பையை இறக்கி, தண்ணீரை வாரி இறைத்தபடி மொண்டுகொண்டு போகும். மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "ஓடுற வண்டியிலயே தண்ணி பிடிக்கிறானே! திரும்பப் போடுங்க மாப்பிள்ளை." யூமிக்கில் பின்னோக்கி ஓட்டும் வசதி உண்டு. தண்ணீர் தொட்டிக்குள் திரும்பிப் போவதையும் பார்த்துவிட்டு, அந்த அகப்பையை எவ்வளவு வேகத்தில் இறக்கலாம், கம்பி வளையாதா என்று சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. ரயில் படங்களுக்குக் கதை கிடையாது, சத்தம்கூடப் பெரும்பாலும் கிடையாது. தெரிந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவற்றின் ருசி தெரிகிறது.

இந்த வகையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது வேறு. கம்பெனி விற்ற ரீலுக்கு ஆயிரம் பிரதிகள் இருக்கும். தனி ஆள் கேமராவில் எடுத்த ரீலுக்குப் பெரும்பாலும் அது ஒன்றுதான், நெகட்டிவ் கிடையாது. கேமராவில் ஓடிய அதே பிலிம்தான் கழுவப்பட்டு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதைப் பழைய புரொஜெக்டரில் போட்டுக் கீறல் விழுந்தால் போனது போனதுதான். அப்படிப்பட்ட ரீல் கிடைத்தால் முதலில் ஸ்கேன் செய்யக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஓட்டுங்கள். முகம் தெரியாத குடும்பங்களின் கடற்கரை விடுமுறை, கல்யாணம் என்று பெட்டியோடு வரும் ரீல்களுக்கும் இதே விதி. இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்த ஆங்கிலேயக் குடும்பம் எடுத்தது என்று தெரிந்தால் ஒரு ஆவணக் காப்பகத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத்தில் இப்படிப்பட்ட வீட்டுப் படங்களின் தொகுப்பே இருக்கிறது.

டிரெய்லர்களுக்கென்றே ஒரு கூட்டம் உண்டு. இரண்டு, மூன்று நிமிடத்தில் படத்தின் நல்ல இடமெல்லாம் வந்துவிடும், அதுவும் படக் கம்பெனியே வெட்டிக் கொடுத்தது. இதை வாங்குகிறவர்கள் ஒரு படத்தைப் போடுவதோடு நிறுத்துவதில்லை. தணிக்கைச் சான்றிதழ் அட்டை, பழைய விளம்பரம், டிரெய்லர், கார்ட்டூன், இடைவேளை அறிவிப்பு, அப்புறம் மெயின் படம் என்று ஒரு முழு ‘ஷோ’ கட்டுவார்கள். மெயின் படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீலில் எங்கோ ஒரு அணைக்கட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் விசேஷ ஈடுபாடு. ஹாலிவுட் இசைப் படங்களின் பாட்டு, நடனக் காட்சிகளைத் தனியாக வெட்டி விற்ற ரீல்களும் அப்படியே. ஒரு படத்திலிருந்து பாட்டை மட்டும் உருவிப் பார்ப்பதைப் பாவமாக நினைக்கும் ஆங்கிலேய நண்பர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவானால் தூர்தர்ஷனில் ‘ஒலியும் ஒளியும்’ பார்த்த தலைமுறைக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

செய்திப் படங்களை மலிவாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். காசில் நிறுவனத்தின் ஆரம்ப ரீல்களில் ஒன்றே 1937 மே மாதம் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்ததைப் பற்றியதுதான். 1969இல் நிலவில் இறங்கியதையும் ரீலாக விற்றார்கள். ஒருமுறை பார்ப்போம், வரும் விருந்தாளிக்கு ஒருமுறை காட்டுவோம், அவ்வளவுதான். கவ்பாய் படச் சுருக்கங்களில் துப்பாக்கிச் சண்டை மட்டும் மிஞ்சியிருக்கும், யார் யாரை ஏன் சுடுகிறார்கள் என்று தெரியாது. 8 மி.மீ.இல் மிகப் பெரிய வியாபாரம் நடந்த ‘அந்த’ வகைப் படங்களும் பெட்டியோடு பெட்டியாக வந்து சேரும். பிள்ளைகள் முன்னால் புதுப் பெட்டியைப் பிரித்து உடனே ஓட்டாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

குடும்பக் கதைகளும் காதல் கதைகளும் சுருக்கத்தில் எடுபடவே இல்லை. அழுகை இருக்கும், அழுததற்குக் காரணம் வெட்டுப்பட்டிருக்கும். ஊமைக் காலத்துப் பெரும்படங்களை மட்டும் விதிவிலக்காகச் சொல்லலாம். திரைப்பட வரலாற்றாசிரியர் கெவின் பிரவுன்லோ பள்ளிப் பையனாக இருந்தபோது, பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸின் 1927ஆம் வருட நெப்போலியன் படத்தின் இரண்டு ரீல் 9.5 மி.மீ.இல் அவர் கைக்கு வந்தது. பார்த்ததும் மிச்சத்தைத் தேடக் கிளம்பியவர், பல வருடம் உழைத்து மீட்டெடுத்த அந்தப் படம் 1980இல் லண்டனில் இசைக்குழுவோடு திரையிடப்பட்டது. வெட்டுப்பட்ட ரீல் பசியைக் கிளப்பிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

எட்டு நிமிடம் போதாது, இன்னும் நீளமாக வேண்டும் என்கிறவர்கள் ஜெர்மன் பதிப்புகளில் போய் விழுவார்கள். அங்கே 120 மீட்டர் ரீல் மூன்றாகப் பெரிய சுருக்கங்களை வெளியிட்டார்கள். வெட்டும் நேர்த்தியாக இருக்கும், பேச்சு மட்டும் ஜெர்மன். விற்பவர் அதை எழுத மறந்திருப்பார். இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. சூப்பர் 8 பேசும்படத்தில் ஒலி பெரும்பாலும் பிலிம் ஓரத்தில் ஒட்டிய காந்தப் பட்டையில்தான் இருக்கும். டேப் ரெக்கார்டரில் அழித்துப் பதிவது மாதிரி, பதிவு வசதியுள்ள புரொஜெக்டரில் ஆங்கில ஒலியை அதன் மேல் மறுபடி பதிந்துகொள்ளலாம். பொறுமை வேண்டும், உதட்டோடு ஒலி ஒத்துப்போகப் பல தடவை பதிய நேரும். அதே காரணத்தால், பதிவு பட்டன் உள்ள புரொஜெக்டரில் பிள்ளைகளை விளையாட விடக்கூடாது.

சட்ட விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தியேட்டருக்கோ டிவிக்கோ வாடகைக்குப் போன 16 மி.மீ., 35 மி.மீ. பிரிண்டுகள் சேகரிப்பவர் கைக்கு வந்த வழி எப்போதும் சுத்தமாக இருந்ததில்லை. 1974இல் ஹாலிவுட் நடிகர் ரோடி மெக்டவலின் வீட்டுச் சேகரிப்பையே எஃப்பிஐ எடுத்துக்கொண்டு போனது, வழக்கு மட்டும் தொடரவில்லை. சூப்பர் 8 ரீல்கள் வீட்டுக்கென்றே கடையில் விற்றவை என்பதால் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் காப்புரிமை உள்ள படத்தை மன்றத்திலோ கோயில் மண்டபத்திலோ ஊரைக் கூட்டிப் போட அனுமதி வேண்டும். நம் சங்கக்காரர்கள் கேட்டபோதெல்லாம் காப்புரிமை முடிந்த பழைய காமெடியைத்தான் எடுத்துப்போனேன்.

எந்த வகை ரீலாக இருந்தாலும் வந்தவுடன் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்ற ரீல்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், அந்த ஆவி மற்றதையும் கெடுக்கும். வாடை இல்லையென்றால் ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சுருளுக்குள் வெளிச்சம் ஊடுருவி வந்தால் பாலியெஸ்டர், அதற்கு வினிகர் நோய் வராது. ஆனால் பாலியெஸ்டர் அறுந்தால் பசையால் ஒட்டாது, டேப் ஒட்டுத்தான். அது லேசில் அறுவதும் இல்லை. சிக்கிக்கொண்டால் புரொஜெக்டரின் பாகம்தான் வளையும்.

ஸ்டாண்டர்ட் 8ஐ, அதாவது 1932இல் வந்த பழைய 8 மி.மீ. பிலிமை, சூப்பர் 8 புரொஜெக்டரில் போட்டால் ஓரத் துளைகள் கிழிந்துவிடும், இரண்டும் ஒரே அகலம் என்பதால் ஏமாறுவது சுலபம். ரீலின் நடு ஓட்டை பெரிதாக இருந்தால் சூப்பர் 8, சிறிதாக இருந்தால் ஸ்டாண்டர்ட். யாராவது ரீல் மாற்றிச் சுற்றியிருக்கலாம் என்பதால் பிலிமையும் பாருங்கள். சூப்பர் 8 துளை சின்னதாக, பிரேமின் நடுவுக்கு நேராக இருக்கும்.

புரொஜெக்டரை மட்டும் தபாலில் வாங்காதீர்கள். ரப்பர் பெல்ட்டும் உருளைகளும் காலப்போக்கில் கூழாகியிருக்கும், "பல்பு எரிகிறது" என்று எழுதியிருப்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை. விற்பவர் வீட்டுக்கே போய், உங்களுக்கு வேண்டாத ரீல் ஒன்றைக் கையில் கொண்டுபோய், அது முழுக்க ஓடி முடியும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, பிலிமில் புதுக் கோடு விழுந்திருக்கிறதா என்று விளக்கொளியில் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.